டியூஷன் சென்டருக்கு ஸ்குவிட்: கணேசனுக்கு

பட்டர்வொர்த்

அன்புள்ள கணேசா,

அம்மாவின் முழங்கால் வலி குறைந்துவிட்டது என்று படித்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம். சின்னவளுக்கு இந்த வருஷம் எஸ்பிஎம் தேர்வு, வீட்டில் தொலைக்காட்சி சத்தமே கிடையாது.

பிரிக்ஃபீல்ட்ஸ் சென்டரில் 20 கணினிக்கும் இணைய வடிகட்டி போடக் கேட்டிருந்தாய். ஸ்குவிட்டே போதும்; கணினிகளுக்கும் இணையத்துக்கும் நடுவில் நின்று தளங்களுக்கு வழிவிடும் அல்லது தடுக்கும் பிராக்ஸி மென்பொருள் அது. 4 ஜிபி ரேம் உள்ள பழைய கணினி, உபுண்டு சர்வர் (லினக்ஸ் இயங்குதளம்), மாறாத ஐபி முகவரி, ரவுட்டருக்கு ஒரு கேபிள். டிஸ்க் கேஷ் (பக்கங்களை வட்டில் சேமித்து வைப்பது) வேண்டாம். இன்று ஏறக்குறைய எல்லாத் தளமும் எச்டிடிபிஎஸ், அதாவது மறையாக்கப்பட்டது. சேமித்து வைக்க ஸ்குவிட்டுக்கு ஒன்றும் கிடைக்காது.

உபுண்டுவில் புதிதாகப் போட்ட ஸ்குவிட் தன் இயந்திரத்துக்கு மட்டும்தான் வழிவிடும். மாணவர் கணினியில் பிராக்ஸியாக சர்வரின் ஐபியையும் 3128 போர்ட்டையும் கொடுத்ததும் 403 (அனுமதி மறுப்பு) வந்தால் பயப்படாதே, 'லோக்கல்நெட்' (சென்டரின் உள் வலை) அனுமதி வரியை நீ இன்னும் சேர்க்கவில்லை என்று அர்த்தம். அதை எங்கே சேர்க்கிறாய் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஸ்குவிட் விதிகளை மேலிருந்து கீழே படிக்கும். முதலில் பொருந்தும் வரியோடு நின்றுவிடும். லோக்கல்நெட் அனுமதியை மேலே போட்டுவிட்டு அதற்குக் கீழே ஆயிரம் தளத்தைத் தடுத்தாலும் ஒன்றுகூடத் தடைபடாது. தடை முதலில், வகுப்பு நேர விதி அடுத்து, லோக்கல்நெட் அதற்குப் பிறகு, மற்ற எல்லாவற்றையும் தடுக்கும் 'டினை ஆல்' கடைசியில். ஒரே வரியில் இரண்டு நிபந்தனை எழுதினால் இரண்டும் பொருந்த வேண்டும் என்பதையும் மறக்காதே.

நேர விதியில் கிழமைக்கு ஓர் எழுத்து. வியாழனுக்கு 'எச்', சனிக்கு 'ஏ'. 'டி' செவ்வாய்க்கும் 'எஸ்' ஞாயிறுக்கும் போய்விட்டன. சர்வரின் நேர மண்டலம் யுடிசியிலேயே (உலகப் பொது நேரம்) இருந்தால் மாலை 3 மணி வகுப்பு அதற்குக் காலை 7 மணி. முதல் வேலையாக அதைக் கோலாலம்பூருக்கு மாற்று.

தளப் பட்டியலில் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தால் துணைத்தளங்களும் அடங்கும். புள்ளியோடு ஒன்று, அதன் துணைத்தளம் தனியாக ஒன்று என்று இரண்டையும் எழுதிவிட்டால் சில பதிப்புகள் தொடங்கவே மறுக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முதலில் பிழை பார்க்க 'ஸ்குவிட் -கே பார்ஸ்', பிறகு மாற்றத்தை ஏற்ற '-கே ரீகான்ஃபிகர்'. ரீஸ்டார்ட் செய்தால், திறந்திருக்கும் இணைப்புகளுக்காக 30 வினாடி வரை காத்திருக்கும். வகுப்பு நடக்கும்போது அது வேண்டாம்.

வகுப்பு நேரத்தில், எழுதிய தளங்களுக்கு மட்டும் வழிவிடும் அனுமதிப் பட்டியல்தான் நல்லது. ஆனால் பொறுமை வேண்டும். யூடியூபை மட்டும் அனுமதித்துப் பார்: பக்கம் திறக்கும், படம் ஓடாது. காணொளி வருவது கூகிள்வீடியோ டொமைனிலிருந்து, சிறுபடங்கள் ஒய்டிஐஎம்ஜியிலிருந்து. ஸ்குவிட்டின் பதிவேடான ஆக்சஸ் லாக்கை ஓடவிட்டபடி பக்கத்தைத் திற. 'டிசிபி_டினைட்/403' என்று வரும் வரியிலெல்லாம் எந்தப் பெயர் என்று பார்த்துச் சேர். ஒரு மாலைப்பொழுது போகும், போகட்டும்.

எச்டிடிபிஎஸ்ஸில் ஸ்குவிட்டுக்குத் தெரிவது தளத்தின் பெயர் மட்டும். உள்ளே எந்தப் பக்கம் என்று தெரியாது. மறையாக்கத்தை உடைத்துப் பார்க்க எஸ்எஸ்எல் பம்ப் இருக்கிறது. தயவுசெய்து அதைத் தொடாதே. பிள்ளைகளின் கடவுச்சொல், ஆசிரியர்களின் வங்கிக் கணக்கு எல்லாம் அந்த ஒரு கணினியில் திறந்து கிடக்கும். தேடலைச் சுத்தமாக்க வேறு வழி உண்டு. சர்வரின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் (தளப் பெயருக்கு ஐபி எண்ணை நாமே எழுதும் கோப்பு) கூகிள் தேடல் முகவரிக்கு 216.239.38.120 என்று எழுது. ஆபாச முடிவுகளை மறைக்கும் சேஃப்சர்ச் நிரந்தரமாகிவிடும். டாட் காம் மட்டும் எழுதி டாட் காம் டாட் எம்ஒய் முகவரியை விட்டுவிடாதே. யூடியூபுக்கும் இதே எண்தான், கட்டுப்பாட்டு முறை வந்துவிடும்.

தடுத்த எச்டிடிபிஎஸ் தளத்துக்கு ஸ்குவிட்டின் தடைப் பக்கம் வராது; பிரவுசர் இணைப்புப் பிழை என்றே காட்டும். ஆசிரியர்களிடம் முன்கூட்டியே சொல்லிவை, இல்லாவிட்டால் லைன் போய்விட்டது என்று உன்னைக் கூப்பிடுவார்கள்.

பிராக்ஸி அமைப்பை அழித்துவிட்டு நேராகப் போகப் பிள்ளைகளுக்கு இரண்டு நிமிடம் போதும். ரவுட்டரில் சர்வரின் ஐபி தவிர மற்றவற்றுக்கு வெளியே போகும் 80, 443 போர்ட் இரண்டையும் மூடு. 443இல் யுடிபியையும் சேர்த்து மூடு; பிரவுசர்கள் பயன்படுத்தும் க்விக் நெறிமுறை அந்த வழியில்தான் போகும். ரவுட்டரில் ஐபிவி6 (புதிய ஐபி முகவரி முறை) திறந்திருந்தால் இத்தனையும் வீண். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை ஸ்குவிட் தடுக்காது, ஆகவே கணினிகளின் வைஃபையை பயோஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) அணைத்து அதற்குக் கடவுச்சொல் போடு.

டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபி எண்ணாக மாற்றும் சேவை) வடிகட்டி போதாதா என்று கேட்டிருந்தாய். 2024 செப்டம்பரில் மலேசியத் தொடர்பு ஆணையமான எம்சிஎம்சி டிஎன்எஸ் திருப்பிவிடல் கொண்டுவரப் போனபோது, டிஎன்எஸ்ஸை எப்படி மாற்றுவது என்பதுதான் எங்கும் பேச்சு. உன் மாணவர்களுக்கும் அது தெரிந்திருக்கும். பிராக்ஸி வழியாகப் போனால் பெயரைத் தேடுவது சர்வர்தான். பிரவுசரில் எந்த டிஎன்எஸ் போட்டாலும் பயனில்லை.

லாக்கில் ஒவ்வொரு பிள்ளையும் போன தளம் பதிவாகும். பெற்றோருக்கு ஒரு கடிதத்தில் அதைத் தெரிவி, 2 வாரத்துக்கு மேல் வைத்திருக்காதே.

எங்காவது சிக்கினால் லாக்கின் கடைசி 20 வரியை வாட்ஸ்அப்பில் அனுப்பு. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வருவாய்தானே? அம்மாவையும் அழைத்து வா.

அன்புடன்,
முருகையா