அம்மாவின் அறுவை சிகிச்சையும் அந்தச் சிரையும்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவால் பல் துலக்கக்கூட முடியவில்லை, முகத்தில் காற்றுப் பட்டாலே மின்சாரம் பாய்ந்த மாதிரி துடிக்கிறார் என்று படித்து மனசு கனத்துவிட்டது. இந்த முக நரம்பு வலிக்கு (ட்ரைஜெமினல் நியூரால்ஜியா) கொடுக்கும் கார்பமசெபைன் மாத்திரை இனி தாங்காது. அளவைக் கூட்டினால் தலைசுற்றலும் தூக்கமும்தான் மிஞ்சும். அறுவை சிகிச்சை என்ற முடிவு எனக்கும் சரியாகவே படுகிறது.

நரம்பைவிட ஏதோ ஒரு சிரையைப் பற்றித்தான் டாக்டர் அதிகம் பேசினார் என்று குழம்பியிருந்தாய். அதைப் பேசியதாலேயே அவர் மேல் எனக்கு மதிப்பு வந்துவிட்டது.

வலிக்குக் காரணம் பெரும்பாலும் ஒரு தமனி. முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பை மூளைத்தண்டை ஒட்டிய இடத்தில் அது அழுத்துகிறது. அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் வால்டர் டேண்டி 1930களிலேயே இதைக் கவனித்து எழுதினார். 1960களில் இன்னொரு அமெரிக்க அறுவை மருத்துவர் பீட்டர் ஜானெட்டா மைக்ரோஸ்கோப்பின் துணையோடு, நரம்பை வெட்டாமல் தமனியை மட்டும் விலக்கும் முறையை வளர்த்தெடுத்தார். இப்போது இரண்டுக்கும் நடுவில் டெஃப்லான் பஞ்சு வைக்கிறோம்.

காதுக்குப் பின்னாலிருந்து அந்த நரம்பை நோக்கிப் போனால் பெட்ரோசல் சிரை குறுக்கே நிற்கும். டேண்டி சிரை என்றும் சொல்வோம். சிறுமூளையிலிருந்தும் மூளைத்தண்டிலிருந்தும் ரத்தத்தைத் திரட்டிக்கொண்டு போவது அது. மின்சூட்டால் அதைச் சுட்டு அடைத்து வெட்டிவிட்டால் வேலை எளிது. பலருக்கு ஒன்றும் ஆவதில்லை, மற்ற சிரைகள் சமாளித்துவிடும். யாருக்குச் சமாளிக்காது என்பதை முன்கூட்டி உறுதியாகச் சொல்ல முடியாது. அங்கேதான் எனக்குப் பயம். தமனி ரத்தத்தைக் கொண்டுவந்தபடியே இருக்கும், வெளியேற வழி இருக்காது. சிறுமூளை வீங்கும், உள்ளேயே ரத்தம் கசியும். அந்த இடமோ குறுகல், பக்கத்திலேயே மூளைத்தண்டு. மேசையில் எல்லாம் நன்றாக முடிந்து, சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ நோயாளி மயங்கத் தொடங்கலாம். வலி தீரட்டும் என்று வந்தவருக்கு அது நடக்கவே கூடாது.

உடற்கூறு ஆய்வகத்தில் ஜூனியர்களிடம் நான் ஓயாமல் சொல்வது இதுதான்: அவசரப்பட்டுச் சிறுமூளையை இழுக்காதே. முதலில் மூளைத் தண்டுவட நீரை மெதுவாக வடியவிடு, சிறுமூளை தானாகவே தளர்ந்து விலகும். அப்புறம் சிரையைச் சுற்றியிருக்கும் மெல்லிய மூளை உறையான அரக்னாய்டு சவ்வைக் கூர்மையான கத்தரியால் நீளவாக்கில் பிரி. கட்டு விட்டதும் சிரை தளர்ந்து கொஞ்சம் நகர்ந்து கொடுக்கும், கிளைகளுக்கு நடுவே வழி கிடைக்கும். இழுத்தால் அது சைனஸோடு (மூக்கு சைனஸ் அல்ல, மூளை உறைக்குள் ரத்தம் வடியும் கால்வாய்) சேரும் இடத்தில்தான் கிழியும். கிழிந்தாலும் உடனே சுடாமல், ரத்தத்தை நிறுத்த உதவும் சர்ஜிசெல் துணியை வைத்து மெல்ல அழுத்தினால் பெரும்பாலும் ரத்தம் நின்றுவிடும், சிரையும் தப்பும். சில சமயம் சிரையே நரம்பை அழுத்திக்கொண்டிருக்கும். அப்போதும் முடிந்தவரை நகர்த்திப் பார்க்கத்தான் வேண்டும்.

இதில் மெனக்கெடும் நேரம் வீண் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை.

சிரையைக் காப்பாற்ற முயல்வீர்களா என்று உங்கள் டாக்டரிடம் தயங்காமல் கேள். அறுவைக்குப் பிறகு அம்மாவுக்குத் தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, வாந்தி விடாமல் இருந்தாலோ, பேச்சு குழறினாலோ, அளவுக்கு மீறித் தூங்கினாலோ காத்திருக்காதே. நர்ஸிடம் உடனே சொல்.

தேதி முடிவானதும் எழுது, ஸ்கேன் படங்களையும் அனுப்பு. அம்மாவை நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்