வாங்கும் முன் ஒரு மழையும் ஒரு கோடையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகருக்குள் கொடுக்கிற வாடகைக்குக் கொஞ்சம் மேலே போட்டால் தாம்பரத்துக்குத் தெற்கே ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி பக்கம் வீட்டுக் கடனே கட்டலாம் என்று கணக்குப் போடும் சென்னைக் குடும்பங்கள் நிறைய. அந்தக் கணக்கில் சதுர அடி விலை மட்டும்தான் இருக்கிறது. வாங்க நினைக்கும் தெருவிலேயே முதலில் வாடகைக்கு இருந்து பாருங்கள் என்பேன். ஐப்பசி மழையும் சித்திரை வெயிலும் காட்டிக்கொடுப்பதைத் தரகர் சொல்லமாட்டார்.

முதலில் தண்ணீர். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நகரக் குடிநீர்த் திட்டங்களின் அளவு. நால்வர் வீதம் 40 வீடுகள் உள்ள குடியிருப்புக்கு 21,600 லிட்டர் வேண்டும். போர்வெல் வற்றினால் 12,000 லிட்டர் லாரி தினமும் இரண்டு. ஆகவே குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் பங்குனி முதல் ஆனி வரையிலான லாரி ரசீதுகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சம்ப்பின் (தரைக்கு அடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி) கொள்ளளவையும் கேளுங்கள். 8,000 லிட்டர் சம்ப்புக்கு 12,000 லிட்டர் லாரி வந்தால், இறங்காத தண்ணீருக்கும் சேர்த்துத்தான் காசு. தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. 2,000ஐத் தாண்டினால் குடிக்க ஆகாது. மழை முடிந்த கையோடு அளந்தால் நல்ல எண்தான் வரும், கோடையில் அளக்க வேண்டும்.

அடுத்தது கழிவுநீர். இதைப் பற்றி வீடு பார்க்க வருபவர்கள் கேட்பதே இல்லை. பாதாளச் சாக்கடை வராத தெருக்களில் செப்டிக் டேங்க்தான். வடகிழக்குப் பருவமழையில் நிலத்தடி நீர் மேலேறி உறிஞ்சுகுழி நிறைந்துவிட்டால், டேங்கிலிருந்து தண்ணீர் போக வழியில்லை. கழிப்பறைக்கே எதிர்த்து வரும். அந்த நேரம் பார்த்துக் கழிவுநீர் லாரி சேற்றுத் தெருவுக்குள் நுழையாது. நுழைந்து உறிஞ்சினாலும் இரண்டொரு நாளில் பழையபடி நிரம்பும்.

வெள்ளம் வந்த இடமா என்று யாரையும் கேட்க வேண்டாம். பக்கத்து வீடுகளின் இ.பி. மீட்டர் பெட்டியைப் பாருங்கள். நெஞ்சு உயரத்துக்கு மேல் மாற்றிப் பொருத்தியிருந்தால் காரணம் இருக்கும். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் புகுந்த முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடு பார்ப்பவர்கள் இதைத் தவறவிடக் கூடாது. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிதாகப் போட்டுப் போட்டு, வாசலில் படி இறங்க வேண்டிய நிலைக்கு வந்த வீடுகளும் உண்டு. தரைத்தளம் சாலையைவிட இரண்டடியாவது உயரமாக இருக்கட்டும்.

பட்டா, வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம் எல்லாம் வக்கீல் பார்த்துக்கொள்வார். நீங்கள் ஒன்று செய்யுங்கள்: மனையின் சர்வே எண்ணோடு, அதைச் சுற்றியுள்ள எண்களையும் அ-பதிவேட்டில் (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் வருவாய்த்துறைப் பதிவேடு) தேடுங்கள். உங்கள் எண் சுத்தமாக இருக்கும். பக்கத்து எண் ஏரி, ஓடை, வாய்க்கால் என்று இருக்கும். மழைநீர் பழைய பாதையில்தான் போகும்.

பயணத்தைப் பொறுத்தவரை, சென்னைக் கடற்கரை ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் அடுத்தடுத்து உண்டு. அதற்குத் தெற்கே குறைவு. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகும், ஸ்டேஷனிலிருந்து வீடு வரையிலான கடைசி இரண்டு கிலோமீட்டர்தான் ஆளைக் களைக்க வைக்கிறது. திங்கள் காலை 8 மணிக்கு ஒருமுறை, இரவு 9 மணிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். ஷேர் ஆட்டோ இல்லையென்றால் இரண்டாவது இருசக்கர வாகனத்தின் தவணையையும் பெட்ரோலையும் இப்போதே கணக்கில் எழுதுங்கள்.

பிள்ளைகளின் படிப்பு நடுவில் அறுபட வேண்டியதில்லை. ஜூனில் பள்ளி திறக்கும்போதே வாடகைக்குப் போனால், பதினோரு மாத ஒப்பந்தத்துக்குள்ளேயே மழையும் கோடையும் அடங்கிவிடும்.

இப்படிக்கு,
கட்டடப் பொறியாளர் ஒருவர்,
தாம்பரம்