சிறுவர் இருதயக் கிளினிக் திருகோணமலையிலேயே நடக்க வேண்டும்

கிழக்கு மாகாண சுகாதார அதிகாரிகளுக்கு,

வணக்கம். இருதயத்தில் ஓட்டையோடு பிறந்த ஒரு பெண்பிள்ளையின் தாய் நான். கொழும்பு சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை முடிந்து, மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அந்த வைத்தியர்களையும் தாதிமாரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். இந்த மடல் சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் வருடக்கணக்கில் நடக்கிற பரிசோதனையைப் பற்றியது.

நூறு பிள்ளைகள் பிறந்தால் ஏறக்குறைய ஒரு பிள்ளைக்கு இருதயக் கோளாறு இருக்கும். பல சின்ன ஓட்டைகள் தானாகவே மூடிவிடும். பெரிய ஓட்டை அப்படியில்லை. கவனிக்காமல் விட்டால் நுரையீரலில் இரத்த அழுத்தம் ஏறி, ஒரு கட்டத்துக்குப் பிறகு சத்திரசிகிச்சையே செய்ய முடியாமல் போகும். எது எந்த வகை என்பதை எக்கோ, அதாவது இருதயத்தின் ஸ்கேன், எடுத்துத்தான் சொல்ல வேண்டும்.

சிறுவர் இருதய நிபுணர் எக்கோ எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நெஞ்சில் ஜெல் பட்டதுமே மகள் வீறிட்டாள். அழுகிற பிள்ளையில் சரியாக அளக்க முடியாதாம். பால் கொடுக்கச் சொல்லிவிட்டு, அவள் கண்ணயரும் வரை டொக்டர் பொறுமையாக இருந்தார். பிறகு இரத்தம் எந்தப் பக்கம் பாய்கிறது, எவ்வளவு வேகம் என்று ஒவ்வொன்றாக அளந்தார். கடைசியில் ஒரு தாளில் நாலு அறைகளையும் கீறி, ஓட்டை இருக்கிற இடத்தைப் பேனையால் தொட்டுக் காட்டினார். அன்றுதான் எனக்கு மூச்சே வந்தது.

ஆனால் மூதூரிலோ ஈச்சிலம்பற்றிலோ இருக்கிற குடும்பத்துக்குக் கொழும்பு 250 கிலோமீற்றருக்கும் அப்பால். இரவு பஸ், தங்க இடம், கடலுக்குப் போகிற தகப்பனின் உழைப்பு எல்லாம் அதில் போகும். "பிள்ளை நல்லாத்தானே விளையாடுது, அடுத்த முறை போவம்" என்று தவணை தள்ளிப்போவது அப்படித்தான். அந்தத் தாய்மாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

சரி, நிபுணர்கள் நாட்டிலேயே குறைவு என்பீர்கள். இங்கே வந்து குடியிருங்கள் என்று கேட்கவில்லை. மாதத்தில் ஒரு நாளைக் குறித்து, சிறுவருக்கான எக்கோ கருவியோடு திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் கிளினிக் நடத்துங்கள். பிள்ளைக்கு என்ன வருத்தம் என்பதைத் தமிழில் விளங்கப்படுத்த ஒருவர் கூட இருக்கட்டும்.

இன்னொன்று. பிறந்து 24 மணித்தியாலம் கழிந்ததும் வலக்கையிலும் ஒரு காலிலும் இரத்தத்தின் ஒட்சிசன் அளவு பார்ப்பது சில நிமிட வேலை. 95 வீதத்துக்குக் குறைந்தால் மேலும் பார்க்க வேண்டும். கடுமையான இருதயக் கோளாறுள்ள சில பிள்ளைகள் முதல் இரண்டொரு நாள் நல்ல நிறமாகவே இருந்து, வீட்டுக்குப் போன பிறகுதான் துவண்டு போகிறார்கள். எங்கள் மாவட்டத்தில் ஒரு சிசுகூட இந்தச் சோதனை இல்லாமல் வீடு போகக் கூடாது.

கிளினிக் திகதியை முன்கூட்டியே அறிவியுங்கள். கிண்ணியாவிலும் குச்சவெளியிலும் எந்த வீட்டில் எந்தப் பிள்ளை என்பது மருத்துவமாதுமாருக்குத் தெரியும். அவர்கள் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
திருகோணமலை