ஆற்றோரச் சாலைக்கு ஆள் சேர்ப்போருக்கு ஒரு திறந்த மடல்

கோலாலம்பூரிலிருந்து அமெரிக்காவின் டெக்சாஸ் பாலைவனத்தில் வாகனப் பயணம் ஏற்பாடு செய்யும் தமிழ்க் குழுக்களுக்கு வணக்கம்.

பிக் பெண்ட் தேசியப் பூங்காவின் ஆற்றோரச் சாலையைக் காலைப்பொழுது உலாவாக நிரலில் போடாதீர்கள். காஸ்டலோன் பக்கம் தொடங்கி ரியோ கிராண்டே வில்லேஜ் பக்கம் முடியும் அந்த மண்பாதையின் நீளம் 51 மைல், அதாவது 82 கிலோமீட்டர். இந்தத் தூரம் நம் காராக் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம். அங்கே 5 முதல் 7 மணி நேரம். டிசம்பரில் அங்கே பகல் ஏறக்குறைய 10 மணி நேரம்தான். மே, ஜூன் பள்ளி விடுமுறையிலோ ஆற்றுப் பள்ளத்தில் வெயில் 40 பாகை செல்சியஸைத் தாண்டும். அந்த மாதங்களில் குடும்பங்களை அழைத்துப் போகவே வேண்டாம். பெயரைப் பார்த்து வழியெல்லாம் ஆறு தெரியும் என்றும் சொல்லாதீர்கள். பாதை பெரும்பாலும் ஆற்றைவிட்டு விலகியே போகிறது.

வாகனம்தான் முதல் கவலை. எஸ்யூவி என்ற பெயர் போதாது, அடிப்பகுதி உயரமாக இருக்க வேண்டும். வாடகை ஒப்பந்தங்கள் பலவற்றில் மண்பாதைக்குத் தடை உண்டு. மீறினால் காப்புறுதி கைவிடும், இழுவை வண்டிச் செலவு உங்கள் தலையில் விழும். சாவி வாங்குமுன் பின்கதவைத் திறந்து பாருங்கள். முழு அளவு மாற்று டயர் இல்லாத வண்டியை அங்கேயே திருப்பிக் கொடுங்கள். லெச்சுகில்லா என்ற கற்றாழை இனத்தின் முள் டயரின் பக்கச்சுவரைத் துளைத்தால் பஞ்சர் ஒட்டும் பெட்டி உதவாது, அது தரையில் படும் பகுதிக்கு மட்டுமே. ஜாக்கிக்கு அடியில் வைக்க ஓர் அடிச் சதுரப் பலகை வேண்டும், இல்லையேல் மண்ணில் புதையும். செம்பனைத் தோட்டச் சேற்றுக்கு இறக்குவதுபோல் டயர்க் காற்றழுத்தத்தை 15 பிஎஸ்ஐ வரை இறக்காதீர்கள். கூர்கல் பக்கச்சுவரைக் கிழித்துவிடும். 35-இலிருந்து 28 போதும், ஏற்றிக்கொள்ளச் சிறு பம்பும் வேண்டும். நாம் வலப்பக்கம் அமர்ந்து ஓட்டிப் பழகியவர்கள். அங்கே இடப்பக்கம் அமர்ந்தால் வலச் சக்கரம் எங்கே போகிறது என்று பிடிபடாது, முள்ளில் உரசுவதும் அந்தப் பக்கம்தான். முதல் நாள் தார்ச்சாலையிலேயே பழகட்டும்.

நம் ஊர் அனுபவம் மிகவும் ஏமாற்றுவது காய்ந்த ஓடைகளில். தலைக்கு மேல் மேகமே இருக்காது. ஆனால் பூங்காவின் நடுவே உள்ள சிசோஸ் மலையில் பெய்த மழை சிறிது நேரம் கழித்து ஓடையில் திடீர் வெள்ளமாக இறங்கும். பாறையும் காய்ந்த மண்ணும் நீரை உறிஞ்சாததே காரணம். ஜூலை முதல் செப்டம்பர் வரை இது அதிகம். ஓடைக்குள் வண்டியை நிறுத்திச் சாப்பிடுவது, படம் எடுப்பது இரண்டும் கூடாது. நீர் ஓடினால் வேகம் கூட்டிக் கடக்கப் பார்க்காமல் கரையில் காத்திருங்கள், வடிந்துவிடும். களிமண் நனைந்தால் நான்கு சக்கர இயக்கமும் வழுக்கும். மழை பெய்த மறுநாளும் போகாதீர்கள். பாதையின் மேற்குப் பகுதி கிழக்கைவிடக் கரடுமுரடு, நடமாட்டமும் குறைவு. புறப்படும் காலையிலேயே பாந்தர் ஜங்ஷன் தகவல் நிலையத்தில் பாதையின் நிலையைக் கேளுங்கள். எண்ணெயும் அங்கேயே முழுதாக நிரப்பிவிடலாம்.

தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர். ஐந்து பேருக்கு இரண்டு நாள் என்றால் 40 லிட்டர், அதைப் பல கலன்களில் பிரித்து வையுங்கள். ஆற்று நீரை நம்ப வேண்டாம். கைப்பேசி எடுக்காது, செயற்கைக்கோள் வழி செய்தி அனுப்பும் கருவி ஒன்று குழுவில் கட்டாயம். வண்டி நின்றால் அதை விட்டு நடக்காதீர்கள். நிழல் தருவதும் தேடுவோர் கண்ணில் படுவதும் வண்டிதான்.

வழியில் உள்ள மாரிஸ்கல் பழைய பாதரசச் சுரங்கத்தில் பிள்ளைகள் செங்கல்லைத் தொடக் கூடாது, நச்சு இன்னும் அதில் இருக்கிறது. இரவு தங்க அனுமதிச் சீட்டு வேண்டும், தரையில் தீ மூட்டத் தடை.

பணம் வசூலிக்குமுன் இவற்றை எழுத்தில் கொடுங்கள். வாடகை ஒப்பந்தத்தின் மண்பாதை விதியையும் தமிழில் சேர்த்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பாலைப் பாதைகளில் வண்டி ஓட்டும் சிலர்
கோலாலம்பூர்