கேள்விக்குறிகளை விட்டுவிடு, பாப்பா

தண்டையார்பேட்டை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. "எல்லாரும் ஸ்கைரிம், விட்சர்னு கொண்டாடுறாங்க, எனக்கு மட்டும் ஏன்பா ஒட்டவே மாட்டேங்குது" என்று கேட்டாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன். உன்னிடம் குறை எதுவும் இல்லை, முதலில் அந்த நினைப்பை விடு. இந்த வீடியோ கேம்கள் எங்கெங்கே ஆளைக் களைப்பாக்கும் என்பது அப்பாவுக்கு நன்றாகத் தெரியும்.

விட்சர் 3-ஐ எடுத்துக்கொள். சிரி என்ற பெண்ணைத் தேடு, சீக்கிரம் தேடு என்று கதை விரட்டுகிறது. மேப்பைத் திறந்தால் ஊரெல்லாம் கேள்விக்குறி. நீ எதையும் மிச்சம் வைக்காத பெண், அத்தனையையும் முடித்துவிட்டுத்தான் நகருவாய். எம்.சி. ரோட்டுக்கு முகூர்த்தப் புடவை எடுக்கப் போனவள் வளையல் கடை, நைட்டிக் கடை, ஜாக்கெட் துணிக் கடை என்று எல்லாவற்றிலும் ஏறி இறங்கினால், புடவையைப் பார்க்கும்போது கண்ணில் தெம்பு இருக்குமா? அந்தக் கேள்விக்குறிகளில் பெரும்பாலும் ஒரு பெட்டி, நாலு கொள்ளைக்காரர்கள், இல்லையென்றால் ஒரு அரக்கக் கூடு. ஸ்கெல்லிகே என்ற தீவுப் பகுதியின் கடலில் மிதப்பவை அநேகமாகக் கடத்தல் பெட்டிகள்தான். நல்ல எழுத்தெல்லாம் குவெஸ்ட் எனப்படும் கதை வேலைகளில்தான் இருக்கிறது. 2022 டிசம்பர் அப்டேட்டில் கேள்விக்குறிகளை மறைக்கும் ஃபில்டர் மேப்பிலேயே வந்துவிட்டது, அதைப் போட்டுக்கொள். கதாநாயகன் ஜெரால்டைத் திரும்பச் சொன்னால் மெதுவாகத் திரும்புகிறான் என்றாயே, செட்டிங்ஸில் மூவ்மென்ட் ரெஸ்பான்ஸ் என்று இருக்கும். அதை ஆல்டர்நேட்டிவ் என்று மாற்றினால் அவன் உடனே சொன்ன பேச்சைக் கேட்பான்.

இன்னொன்று, உன் லெவலைவிட 6 லெவலுக்குக் கீழே போய்விட்ட குவெஸ்ட் சாம்பல் நிறமாகிவிடும். அதில் அனுபவப் புள்ளி என்று கையில் பெரிதாக எதுவும் தேறாது. கதை பிடித்திருந்தால் மட்டும் செய்.

ஸ்கைரிமில் வேறு சிக்கல். ஆரம்பத்தில் நீ தூக்கக்கூடிய எடை 300. அதைத் தாண்டினால் ஓட முடியாது, நடக்காமலே வேறு ஊருக்குத் தாவும் ஃபாஸ்ட் டிராவலும் கிடையாது. குகையில் கிடக்கும் இரும்புக் கவசம் ஒன்றே 30 எடை, விலை 125 தான். விலையை எடையால் வகுத்துப் பார், 10-க்குக் குறைந்தால் தொடாதே. இதை மட்டும் பழகினாலே கடைக்கும் குகைக்கும் நடக்கும் நடை பாதியாகிவிடும், உன் சலிப்பில் பெரும்பங்கு அந்த நடைதான் என்று நினைக்கிறேன். கொல்லுப்பட்டறையில் உட்கார்ந்து கத்தியாக அடித்துக் குவிக்காதே. ஸ்மிதிங் என்ற கொல்லுவேலைத் திறமை ஏறினாலும் உன் மொத்த லெவல் ஏறும், அதற்கேற்ப எதிரிகளும் ஏறுவார்கள், உன் வாள் திறமை மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும். சப்பென்று இருக்கிறதே என்று டிஃபிகல்ட்டியைக் கூட்டுவதும் உதவாது. மிகக் கடினமான லெஜண்டரியில் உன் அடி கால் பங்காகக் குறையும், உன் மேல் விழும் அடி மூன்று மடங்காகும். எதிரிக்கு அதனால் புத்தி கூடாது. ஒரே ஆளை நாலு மடங்கு நேரம் வெட்டிக்கொண்டிருப்பாய், அவ்வளவுதான். வழக்கமான அடெப்ட் நிலையிலேயே விளையாடு.

வேலை முடிந்து வந்து உனக்குக் கிடைப்பது ராத்திரி ஒரு மணி நேரம். ஒரு உட்காரலுக்கு ஒரு குவெஸ்ட், முடிந்ததும் ஊருக்குத் திரும்பி சேவ் செய். குகை நடுவில் நிறுத்தினால் அடுத்த வாரம் எந்த பட்டன் எதற்கு என்பதே மறந்திருக்கும்.

எல்டன் ரிங் வாங்கலாமா என்றாய். இப்போது வேண்டாம். அதில் டிஃபிகல்ட்டி குறைக்க வழியே இல்லை, களைத்து வரும் உனக்கு அது ஒத்துவராது. எது வாங்கினாலும் ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் விட்சரில் அந்த 2 மணி நேரத்துக்குள் ஆரம்ப இடமான வைட் ஆர்ச்சர்டே முடியாது, அதனால் அதை வைத்து எடை போடாதே.

விட்சரில் அடுத்து வரும் வேலன் பகுதியில், பிளடி பாரன் என்ற பிரபுவின் கதை முடியும் வரை போ, பக்க வேலை எதுவும் இல்லாமல். அந்த கேமின் பலமே அந்த மாதிரி இடங்கள்தான். அதுவும் உன்னைத் தொடவில்லை என்றால் தயங்காமல் அன்இன்ஸ்டால் செய்துவிடு. உனக்கு ஆட்கள் பேசுவதும் முடிவெடுப்பதும்தான் பிடிக்கிறது என்றால் பால்டர்ஸ் கேட் 3 இருக்கிறது. 2023-இல் வந்தது, முறை வைத்துச் சண்டை போடுவதால் அவசரமே இல்லை. அரை மணி நேரத்தில் ஒரு ஆட்டம் முடிய வேண்டுமா, ஹேடஸ் போதும்.

பாரன் கதை எப்படி இருந்தது என்று ஞாயிற்றுக்கிழமை சொல். அம்மா உன் இருமல் நின்றதா என்று கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா