மாட்டுக்கு முன்னால் மேய்ச்சல்

வடசென்னைக் கோயில்களின் அறங்காவலர்களுக்கும் செயல் அலுவலர்களுக்கும், கோசாலை நடத்தும் மடங்கள், பஜனை மண்டலிகளின் பெரியவர்களுக்கும், இப்பகுதியில் மாடு வளர்ப்போரும் கால்நடை மருத்துவம் பார்ப்போரும் சேர்ந்து எழுதுவது. வணக்கம்.

திருவொற்றியூரில் மாட்டுமந்தை என்று ஓர் இடம் உண்டு. மந்தை போய்விட்டது, பெயர் நிற்கிறது. தெற்கே மந்தைவெளிக்கும் இதே கதிதான். மேய இடமில்லாத மாடு குப்பைத் தொட்டிக்குப் போகிறது, அங்கிருந்து மாநகராட்சி வண்டியில், பிடித்த மாடுகளை அடைக்கும் பெரம்பூர்த் தொழுவத்துக்கோ புதுப்பேட்டைத் தொழுவத்துக்கோ போகிறது. கோயில் மாடும் இதற்கு விலக்கில்லை.

உங்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். அடுத்த கோதானத்தை வாங்கும் முன், அந்த மாடு மேயப்போகும் நிலம் எது, எத்தனை சென்ட் என்று கோயில் ஏட்டில் எழுதுங்கள். எழுத இடமில்லை என்றால் மாட்டை வாங்காதீர்கள். கடுமையாகத் தோன்றலாம். ஆனால் கோயில் விளக்கு அணையாமல் எரிய, நெய்க்கென்று 96 ஆடுகளை விட்டுவைத்து, அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்று கல்லில் வெட்டிய சோழர் காலத்தாருக்கு இந்தக் கணக்கு தெரிந்திருந்தது. செத்ததற்கு ஈடாகக் குட்டி வந்தால்தான் மந்தைக்குச் சாவில்லை. குட்டி வர மேய்ச்சல் வேண்டும்.

350 கிலோ எடையுள்ள ஒரு பசுவுக்கு நாளொன்றுக்குப் பசும்புல் 25 கிலோ, வைக்கோல் 3 முதல் 5 கிலோ, தண்ணீர் 40 லிட்டருக்குக் குறையாமல் வேண்டும், கோடையில் இன்னும் அதிகம். பசும்புல் மட்டும் வருடத்துக்கு 9 டன். இதை எந்த உண்டியலாலும் வெளியில் வாங்கிக் கட்டுப்படியாகாது. அதனால் கோசாலைகள் பக்தர்கள் கொண்டுவருவதை நம்புகின்றன, சிக்கலும் அங்கேயே தொடங்குகிறது. விசேஷ நாளில் ஒரே வேளையில் பத்துப் பேர் தரும் சர்க்கரைப் பொங்கலும் வாழைப்பழமும் மாட்டின் முதல் இரைப்பையில் புளித்து அமிலமாகும். மறுநாள் அசை போடாது, சாணி கூழாய்ப் போகும், சில மாடுகள் எழுந்திருக்கவே மாட்டா. அமாவாசை அகத்தி நல்ல தீவனம்தான். ஆனால் ஈரத்தோடு கட்டுக் கட்டாகப் போட்டால் வயிறு உப்பும். மொத்தப் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். இன்னொன்று: அந்தக் கட்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் பேண்டையும் பிளாஸ்டிக் நாரையும் யார் அவிழ்க்கிறார்கள் என்று ஓர் அமாவாசைக் காலையில் நின்று பாருங்கள். மாடு அவிழ்ப்பதில்லை.

விழுங்கிய பிளாஸ்டிக் சாணியில் வெளியே வராது. முடிச்சுப் போட்ட பையில் சோறு இருந்தால் பையோடுதான் உள்ளே போகிறது, அங்கே கயிறாய் முறுக்கிக்கொள்கிறது. இடது பள்ளை (விலாவுக்குப் பின்னாலுள்ள பக்கவயிறு) எப்போதும் புடைத்திருக்கும், மாடு மட்டும் இளைத்துக்கொண்டே போகும். அப்புறம் வயிற்றைக் கிழித்து எடுப்பதைத் தவிர வழியில்லை. கம்பியும் ஆணியும் இன்னும் மோசம், இரைப்பையைத் துளைத்து இதயம் வரை போகும்.

இனி நிலம். கோயிலுக்கு நகரத்தில் மனை மட்டும் இருக்கலாம், பொன்னேரி, மீஞ்சூர், சோழவரம் பக்கம் வயலோ தரிசோ இருக்கலாம். முதலில் 'அ' பதிவேடு (கிராம நிலங்களின் வகையும் உடைமையும் எழுதிய வருவாய்த் துறை ஏடு), புலப்படம் (அளவை வரைபடம்), வில்லங்கச் சான்று மூன்றையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். நகர நில அளவை நடந்த இடங்களில் பழைய சர்வே எண்ணுக்குப் புதிய எண் வந்திருக்கும். மேய்ச்சல் நிலத்தைக் குறிக்கும் 'மேய்க்கால்' என்ற சொல் புதிய பதிவேட்டிலும் இருக்கிறதா, பட்டா சுவாமி பெயரில்தான் இருக்கிறதா என்று வரிக்கு வரி பாருங்கள். மேய்க்காலையும் கோயில் நிலத்தையும் குழப்பிக்கொள்ளவும் கூடாது. மேய்க்கால் புறம்போக்கு அரசு நிலம், அதில் ஆக்கிரமிப்பு என்றால் வட்டாட்சியரிடம் 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்கீழ் மனு. பொது நிலங்களை மீட்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் எல்லா மாநிலங்களுக்கும் இட்ட ஆணையை அதில் குறிப்பிடுங்கள். கோயில் நிலமென்றால் 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டம். ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகை ஆணையர் அனுமதியின்றிச் செல்லாது (பிரிவு 34), ஆக்கிரமிப்பை உதவி ஆணையர் இணை ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும் (பிரிவு 78). மூலையில் நாலு வண்டி நிறுத்த வாய்மொழியாக விட்ட இடம்தான் பெரும்பாலும் திரும்ப வராது.

நிலம் கைக்கு வந்ததும் மாட்டை மொத்தமாக அவிழ்த்துவிடாதீர்கள். எட்டுத் தடுப்பாகப் பிரியுங்கள். ஒரு தடுப்பில் நான்கு நாள் மேய்ச்சல், பிறகு 28 நாள் ஓய்வு. மேய்ந்து புல் நாலு விரல் உயரத்துக்குக் குறைந்ததும் மாட்டை நகர்த்த வேண்டும். அதற்குக் கீழே கடித்தால் தூர் சாகும், அந்த இடத்தில் பார்த்தீனியக் களை வரும், மாடு அதைத் தின்றால் பால் கசக்கும். அதைப் பூக்கும் முன் கையுறை போட்டு வேரோடு பிடுங்குவதே வேலை. வேலிக்கு முள்கம்பி வேண்டாம், மடி கிழியும். கடற்கரை மண்ணுக்குப் பூவரசு நன்றாக வரும், நிழலும் கிடைக்கும்.

நிலம் சிறியதென்றால் மேய்ச்சலைவிட அறுத்துப் போடுவதே லாபம். கம்பு நேப்பியர் தீவனப்புல்லில் கோ-4 அல்லது கோ-5 ரகம், இரு பருக் கரணை (இரண்டு கணு உள்ள தண்டுத் துண்டு), 60க்கு 50 சென்டிமீட்டர் இடைவெளி, ஏக்கருக்குச் சுமார் 13,300 கரணை. முதல் அறுப்பு 75 நாளில், அப்புறம் 45 நாளுக்கு ஒரு தரம். நல்ல மண்ணும் தண்ணீரும் இருந்தால் ஏக்கருக்கு வருடம் 150 டன் என்பது புத்தகக் கணக்கு. எண்ணூர், மணலி உவர் மண்ணில் அதை நம்பி மாடு சேர்க்காதீர்கள், ஏக்கருக்கு ஐந்து மாடு என்று தொடங்குங்கள். உவர் மிகுந்தால் நேப்பியரை விட்டுவிட்டு நீர்ப்புல்லுக்கும் அருகுக்கும் போங்கள். எதுவானாலும் மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு வேலிமசால் என்ற பயறுவகைத் தீவனம் சேர்க்க வேண்டும். கழிவுநீர் பாய்ச்சிய புல் மட்டும் வேண்டவே வேண்டாம், பச்சையாய்க் கொழுத்து நிற்கும், நைட்ரேட்டும் உலோகமும் அதனுள்ளேயே இருக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் நீர்நிலை ஓரம் மேய்த்தால் நத்தை வழியாகத் தட்டைப்புழு ஈரலுக்கு வரும். மழைக்கு முன்னும் பின்னும் குடற்புழு நீக்கம், மழைக்கு முன் தொண்டை அடைப்பான் தடுப்பூசி. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படிந்ததை எல்லோரும் பார்த்தோம். வெள்ளம் ஏறி இறங்கிய மேய்ச்சலில், புதுத் துளிர் வந்து அதை ஒருமுறை அறுத்துக் கொட்டிய பிறகே மாட்டை விட வேண்டும். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த புல்லை அலசாமல் போடக் கூடாது.

காளைக் கன்றுகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பத்துப் பசு ஈன்றால் ஏறக்குறைய ஐந்து காளை. அவற்றுக்கும் அதே புல்தான் வேண்டும். ஏட்டில் அவற்றையும் சேர்த்தே எண்ணுங்கள்.

ஆடி பிறந்தால் கரணை ஊன்றலாம். அதற்கு முன் மண் பரிசோதனை முடிய வேண்டும்: ஏக்கருக்குப் பத்து இடம், அரையடி ஆழக் குழி, எல்லா மண்ணையும் கலந்து நிழலில் உலர்த்தி அரைக் கிலோ. சர்வே எண்ணைச் சொல்லி அனுப்புங்கள், மண்வெட்டியோடு நாங்களே வருகிறோம்.

இப்படிக்கு,
வடசென்னை மாடு வளர்ப்போரும் கால்நடை மருத்துவம் பார்ப்போரும்