என்னைப் பின்னால் இழுத்த கைக்கு நன்றி

மூடிக் கிடக்கும் தொழிற்சாலையையும் பக்கத்துப் பாழடைந்த பங்களாவையும் படமெடுக்கப் போனேன். அனுமதி வாங்கியிருந்தேன், புத்தியைத்தான் வீட்டில் விட்டுவிட்டேன்.

உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் துண்டைத் தள்ளப் போனபோதே, ஐயா, நீங்கள் தடுத்தீர்கள்: “அந்தத் தூசி நுரையீரலிலேயே தங்கிடும்.” என் முகத்திலோ வெறும் துணி மாஸ்க்!

அப்புறம் பங்களா மாடி. ஹாலின் நடுவில் கால் வைக்குமுன் என் காலரைப் பிடித்து இழுத்துவிட்டு, குச்சியால் ஒரு தட்டுத் தட்டினீர்கள். பலகை ரஸ்க் மாதிரி உதிர்ந்து கீழே விழுந்தது. சுவரோரம்தான் கொஞ்சம் தாங்குமாம். ஆனால் ஈரம் இறங்கிய சுவரென்றால் அதில் பதிந்திருக்கும் உத்தரத்தின் முனைதான் முதலில் உளுத்துப்போகுமாம். இதை யார் சொல்லித் தருவார்கள்?

பெயர்கூடக் கேட்கவில்லை ஐயா. உங்கள் டார்ச் என் பையோடு வந்துவிட்டது. புது பேட்டரி போட்டு வைத்திருக்கிறேன்.